"மெதுவா ஓடு" என்று சொல்ல ஒரு மாஸ்டர் வேணும்!

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் பொழுது விடியும் நேரத்தில் ரோட்டைப் பாருங்கள். யாராவது ஓடிக்கொண்டிருப்பார்கள். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்க வந்த பெரியவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் இப்படி ஓடியவர்கள் போலீசுக்கும் பட்டாளத்துக்கும் ஆள் எடுப்பதை எதிர்பார்த்த வாலிபர்கள். இப்போது லேத் பட்டறை வைத்திருப்பவர், பேங்க் கிளார்க், மளிகைக் கடைக்காரர் எல்லோரும் ஓடுகிறார்கள். பலருக்கும் குறி ஒன்றுதான். ஜனவரி மாதம் நடக்கும் சென்னை மாரத்தான்!

மொத்த தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். சென்ட்ரலில் இருந்து திருவள்ளூருக்கு ஏறக்குறைய அவ்வளவு தூரம். மின்சார ரயிலுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

முதல் தடவை எப்படியோ ஓடி முடித்தவருக்கு அடுத்த ஆசை, நேரத்தைக் குறைப்பது. 5 மணி நேரத்தை நாலரை ஆக்கணும். இதற்குக் காசு கொடுத்து ஒரு மாஸ்டரை வைத்துக்கொள்ளணுமா? இதுதான் இப்போது டீக்கடை பெஞ்சுகளில் பேச்சு.

7 நிமிட ஓட்டம்

இந்தப் பகுதியில் ஓடச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பலருக்கும் பழக்கம் தேர்வு ஓட்டம். போலீஸ்காரர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதாவது கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. பல்லைக் கடித்துக்கொண்டு 7 நிமிடம் ஓடினால் கதை முடிந்தது. "ஓடு, ஓடு, இன்னும் வேகமா ஓடு" என்று விசில் ஊதினால் போதும்.

மாரத்தானில் இந்த வித்தை செல்லாது. நாலரை மணியில் முடிக்க கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி போதும். ஆனால் அதையே 42 தடவை செய்யணும்!

உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து 30 கிலோமீட்டர் வாக்கில் தீர ஆரம்பிக்கிறது. அதன் பிறகு கால் இரும்பாகிவிடும். மெதுவாக, பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே ஓடும் நீண்ட ஓட்டத்தில்தான், கொழுப்பையும் எரித்து மாவுச்சத்தை மிச்சம் பிடிக்க உடம்பு பழகுகிறது. வாரத்தில் ஓடும் தூரத்தில் பத்துக்கு எட்டு பங்கு இப்படித்தான் ஓடணும்.

தனியாக ஓடுகிறவர் இதைச் செய்வதில்லை. மெதுவாக ஓட வெட்கம்! ஒருவர் முந்திப் போனால் ரோஷம் வந்துவிடுகிறது. தினமும் அரைகுறை வேகத்தில் ஓடி, மூன்றாவது மாதம் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். மாஸ்டருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி, அவர் பிடித்து நிறுத்துவதற்காகத்தான்.

ஷூ ஃபாக்டரி தொழிலாளி

இந்த வித்தையை உலகத்துக்குக் காட்டியவர் ஒரு தொழிலாளி. பெயர் ஆர்தர் லிடியார்ட். நியூசிலாந்து நாட்டில் ஷூ ஃபாக்டரியில் வேலை. வீட்டுச் செலவுக்கு விடியற்காலையில் பால் போடும் வேலையும் பார்த்தார். வாரம் 160 கிலோமீட்டர் வரை ஓடி, தன் உடம்பிலேயே சோதனை செய்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர்கள் ஸ்னெல் 800 மீட்டரிலும், ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். மகீ மாரத்தானில் வெண்கலம் வாங்கினார்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. வயநாட்டுக்காரர், ராணுவ வீரர் டி.கோபி. 2016 மும்பை மாரத்தானில் இவரை இறக்கியது, சக வீரர் நிதேந்திர சிங் ராவத்துக்கு வேகம் பிடித்துக் கொடுக்கத்தான். பாதியில் விலகியிருக்கலாம். விலகவில்லை. 2 மணி 16 நிமிடம் 15 விநாடியில் முடித்து, ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார்! மறு வருஷம் ஆசிய மாரத்தான் சாம்பியன். புனே ராணுவ விளையாட்டு நிலையத்தில் சுரிந்தர் சிங் பண்டாரியிடம் பழகியவர் இவர்.

ஆனால் ராணுவத்தில் சாப்பாடு, தூக்கம், டாக்டர் எல்லாம் உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில்? நைட் ஷிப்ட் முடிந்து காலை 6 மணிக்கு வெளியே வருகிறவர் அப்படியே 25 கிலோமீட்டர் ஓடினால் என்ன ஆகும்? காண்டிராக்ட் தொழிலாளிக்குக் கால் சுளுக்கினால் அன்றைய கூலி போச்சு. "உங்க ஷிப்ட் என்ன, எத்தனை மணி நேரம் தூங்குறீங்க" என்று முதலில் கேட்காத மாஸ்டரிடம் சேரவே வேண்டாம்.

போர்டு மாட்டினால் போதுமா?

டாக்டர், வக்கீல் மாதிரி இந்தத் தொழிலுக்குக் கட்டாயப் பதிவு இல்லை. யார் வேண்டுமானாலும் "கோச்" என்று போர்டு மாட்டலாம். பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிலையத்தில் டிப்ளமோ வாங்கியவரா, 1920-ல் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தவரா என்று விசாரிப்பதில் தப்பில்லை. வெறும் சர்டிபிகேட் போதாது. அவரிடம் பழகியவர்களில் எத்தனை பேர் இரண்டு வருஷமாகக் காயமில்லாமல் ஓடுகிறார்கள் என்று பாருங்கள். எல்லோருக்கும் ஒரே அட்டவணையைக் கொடுத்து, கூடவே பவுடர் டப்பா விற்கிறவர் வியாபாரி.

இன்னொரு சிக்கல், மழை. ஜனவரி போட்டிக்கு 16 வாரம் முன்னால் என்றால் செப்டம்பரில் தொடங்கணும். 30 கிலோமீட்டர் ஓடிப் பார்க்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகள் நவம்பர், டிசம்பரில் வந்து விழும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. அடுத்த மாதமே மாரத்தான்! செல்போனில் வரும் வெளிநாட்டு அட்டவணையில் இதற்கெல்லாம் இடமில்லை. உள்ளூர் மாஸ்டர் என்றால் ஒரு மாதம் முன்பே தொடங்கி, நீண்ட ஓட்டங்களில் இரண்டை அக்டோபர் மழைக்கு முன்பே முடித்துவிடுவார். பணம் கட்டும்போதே கேளுங்கள்: "நவம்பர்ல மழை பிடிச்சுக்கிட்டா 30 கிலோமீட்டர் எங்கே ஓடுறது சார்?"