மூடிய கதவுக்குள் மூச்சு முட்டுகிறதா? அறிதுயில் பற்றி ஒரு பதில்



செங்கலடியில் இருந்து பதுளை வீதியால் உள்ளே போகும் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி இந்தப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அவரைப் போலப் பலர் இருப்பதை நான் அறிவேன். ஆகவே பெயரைத் தவிர்த்து, கடிதத்தைச் சுருக்கித் தந்து, எல்லோருக்குமாகப் பதில் எழுதுகிறேன்.

"ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் இருந்தபோது ஒருநாள் மண் சரிந்து வாசல் அடைபட்டது. எங்களை வெளியே எடுக்க நெடுநேரம் ஆனது. அன்றிலிருந்து மூடிய இடம் என்றால் எனக்கு மூச்சு முட்டும். மலசலகூடக் கதவைப் பூட்ட ஏலாது. மகள் வெளியில் காவல் நிற்க வேணும். சனம் நிறைந்த பஸ்ஸில் ஏற மாட்டேன். இப்போது தலைக்குள் படம் எடுக்கக் குழாய் போன்ற மெசினுக்குள் படுக்கச் சொல்கிறார்கள். ஹிப்னாடிசம் செய்து ஒரே நாளில் பயத்தை எடுத்துவிடும் ஒருவர் இருக்கிறாராம். காணாமல் போன கணவர் எங்கே என்றும் அந்த மயக்கத்தில் கண்டுபிடிக்கலாமாம். காசு கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். போகலாமா?"

சகோதரி, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று பயத்தைப் பற்றியது, மற்றது கணவரைப் பற்றியது. இரண்டையும் வேறு வேறாகவே பார்ப்போம்.

இது என்ன பயம்?

இது பைத்தியம் அல்ல, கோழைத்தனமும் அல்ல. பங்கருக்குள் உங்கள் உடல் ஒரு பாடம் படித்தது: 'மூடிய இடம் என்றால் சாவு.' அன்றைக்கு அது சரியான பாடம். ஆபத்து முடிந்த பிறகும் உடல் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. கதவு மூடியதும் அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, கை கால் விறைக்கிறது. மூச்சு அளவுக்கு மீறி வேகமாவதால்தான் தலை சுற்றுகிறது. அறையில் காற்று குறைந்ததனால் அல்ல. இந்தப் பதற்றம் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும். அதனால் உயிர் போவதில்லை.

ஆனால் உச்சத்துக்கு வரும் முன்னரே நாம் கதவைத் திறந்து ஓடி வந்துவிடுகிறோம். 'ஓடியதால்தான் தப்பினேன்' என்று உடல் நினைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் பயம் இன்னும் ஆழமாக வேர் விடுகிறது. கறுத்தப்பாலத்துச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்ற காலத்தை அனுபவித்த நமக்கு, நெருக்கடியான இடம் கண்டு உடல் பதறுவது புதுமையும் அல்ல.

அறிதுயில் என்றால் என்ன?

ஹிப்னாடிசத்தைத் தமிழில் அறிதுயில் என்கிறோம். சிலர் மனோவசியம் என்பார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. யாரோ நம்மை வசியம் செய்கிறார் என்ற எண்ணத்தை அது தருகிறது.

உண்மையில் அது வசியமும் அல்ல, நித்திரையும் அல்ல. மனதை ஒரே இடத்தில் குவித்து, உடலைத் தளர்த்தி, சொல்லப்படும் காட்சியைக் கற்பனையில் காணும் நிலை அது. கதைப் புத்தகத்தில் ஆழ்ந்திருக்கும்போது குசினியில் பால் பொங்குவது கேட்காமல் போகிறதே, அதற்கு நெருங்கிய நிலை. 'ஹிப்னாடிசம்' என்ற சொல்லைப் பரப்பியவர் ஜேம்ஸ் பிரெயிட் என்ற ஸ்கொட்லாந்துச் சத்திர வைத்தியர். 1843 இல் இதுபற்றிப் புத்தகம் எழுதினார். நித்திரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து பெயர் வைத்த அவரே, இது நித்திரை அல்ல என்று கண்டு பிறகு பெயரை மாற்றப் பார்த்தார். அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. மயக்க மருந்து பரவுவதற்கு முன், 1845 இல், வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற வைத்தியர் இதற்கு முன்னோடியான ஒரு முறையினால் நோயாளரை அமைதிப்படுத்திச் சத்திர சிகிச்சைகள் செய்தார்.

நமது நாட்டிலும் இதற்கு ஒரு கதை உண்டு. கேரளத்தில் பிறந்த ஆபிரகாம் கோவூர் 1928 இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்தார். 1959 இல் ஓய்வு பெற்ற பின், பேய் பிடித்தது, சூனியம் வைத்தது என்று கொண்டுவரப்பட்ட பலரிடம் கொழும்பில் பேச்சினாலும் அறிதுயிலினாலும் மனக்காரணத்தைத் தேடினார். 1978 இல் காலமாகும் வரை அவர் சொல்லி வந்தது ஒன்றுதான்: இதில் மந்திர சக்தி எதுவும் இல்லை.

பயத்துக்கு இது உதவுமா?

உதவும். ஆனால் தனியாக அல்ல.

இவ்வாறான பயத்துக்கு முதன்மையான சிகிச்சை, பயப்படும் இடத்தைப் படிப்படியாக எதிர்கொள்வதுதான். அறிதுயில் அதற்கு ஓர் ஊன்றுகோல். பயிற்சி பெற்றவர் முதலில் உங்கள் உடலைத் தளர்த்துவார். பிறகு மனதுக்கு அமைதி தரும் ஓர் இடத்தை, உதாரணமாக மாலை நேரத்து வாவிக்கரையை, நினைக்கச் சொல்வார். அந்த அமைதியுடனேயே கதவு கொஞ்சம் மூடுவதை, பிறகு முழுதாக மூடுவதைக் கற்பனையில் பார்க்கச் செய்வார். பதற்றம் கூடினால் விரலை உயர்த்திக் காட்டலாம், அவர் நிறுத்துவார். கற்பனையில் பழகியதை அடுத்து நிஜத்தில் பழக வேண்டும். இதற்குப் பல தடவை போக வேண்டியிருக்கும். ஒரே நாளில் பயத்தை எடுத்துவிடுவேன் என்பவரை நம்பாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. மெசினுக்குள் படுக்கப் பயந்தவர்களுக்கும் இந்த முறை பயன்பட்டிருக்கிறது. அந்த மெசினின் இரு பக்கமும் திறந்தே இருக்கும். கையில் ஒரு பந்து போன்ற பொத்தான் தருவார்கள், அழுத்தினால் வெளியே எடுப்பார்கள். உங்கள் பயத்தை முன்கூட்டியே சொன்னால் வைத்தியர் வேறு உதவிகளும் செய்வார். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. யுத்தத்தைக் கண்ட பெண்கள் கண்ணை மூடித் தளரும்போது பழைய காட்சிகள் வெள்ளம் போல் வரக்கூடும். அதைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்தவரிடம் மட்டுமே போக வேண்டும். கண்ணைத் திறந்தபடியும் இதைச் செய்யலாம் என்பதை நினைவில் வையுங்கள். காதில் குரல் கேட்பவர்களும் கடுமையான மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. யுத்தக் காட்சிகள் திரும்பத் திரும்ப வந்து வாட்டுகின்றனவென்றால் அதற்கென்று தனியான சிகிச்சைகள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 ஆம் ஆண்டு வழிகாட்டி பேச்சு முறைச் சிகிச்சைகளையே அதற்குப் பரிந்துரைத்தது.

கணவரைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. இதைச் சொல்ல எனக்கும் மனம் கனக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

அறிதுயில் உங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிய வைக்காது. கேட்பவர் தூண்டினால், நடக்காததையும் நடந்ததாக மனம் கட்டிக்கொள்ளும். அது உண்மையான நினைவு போலவே உறுதியாக இருக்கும். அறிதுயிலில் வரும் நினைவுகள் சாதாரண நினைவை விட நம்பத் தகுந்தவை அல்ல என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் விஞ்ஞானக் குழு 1985 இலேயே சொல்லிவிட்டது. 'அவர் ஒரு முகாமில் உயிரோடு இருப்பது தெரிகிறது' என்று ஒரு வார்த்தை வந்தால், அதைப் பிடித்துக்கொண்டு எத்தனை வருடம் அலைவீர்கள்? எவ்வளவு காசு போகும்?

நமது அம்மன் கோயில்களில் தெய்வமாடுபவர்கள் வாக்குச் சொல்வதை நான் இதனோடு சேர்க்கவில்லை. 1990களில் மட்டக்களப்பில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், வாய் திறக்கவே பயந்த காலத்தில் காணாமல் போனோரின் குடும்பங்கள் அங்கே போய்த் துயரத்தைக் கொட்டினார்கள் என்று எழுதியிருக்கிறார். ஊரோடு சேர்ந்து அழுவதில் ஆறுதல் இருக்கிறது. பூட்டிய அறையில் காசு வாங்கிக்கொண்டு கணவரைக் காட்டுவேன் என்பது வேறு. அது துயரத்தை வைத்துச் செய்யும் வியாபாரம். உங்கள் கணவரைத் தேடுவதும் பதில் கேட்பதும் உங்கள் உரிமை. அதை ஒருவருடைய மயக்கக் கதைக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

வீட்டில் இன்றே தொடங்கலாம்

மலசலகூடக் கதவையே எடுத்துக்கொள்வோம்.

1. கதவைத் திறந்து வைத்து உள்ளே நில்லுங்கள். மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததை விட நீளமாக வெளியே விடுங்கள்.
2. கதவைப் பாதி சாத்துங்கள். மகள் வெளியில் கதைத்துக்கொண்டிருக்கட்டும்.
3. முழுதாகச் சாத்துங்கள், கொண்டி போட வேண்டாம்.
4. கொண்டியைப் போட்டு உடனே திறவுங்கள். பத்துத் தடவை செய்யுங்கள்.
5. கொண்டியைப் போட்டு நூறு வரை எண்ணுங்கள்.
6. மகள் முற்றத்துக்குப் போகட்டும். பிறகு வீட்டுக்குள் போகட்டும்.

ஒவ்வொரு படியிலும் பயம் பாதியாகக் குறையும் வரை நில்லுங்கள். குறைந்த பிறகு வெளியே வாருங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓட வேண்டாம். ஒரு படிக்கு ஒரு கிழமை ஆனாலும் பரவாயில்லை. கொண்டி எப்போதும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். வேறு யாரும் உங்களை உள்ளே வைத்துப் பூட்டிப் பழக்கக் கூடாது. அது பங்கரைத் திரும்பக் கொண்டுவரும். பங்கர் நினைவு பொங்கி வந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

யாரிடம் போவது?

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காசு கொடுக்கத் தேவையில்லை. நேரே போகத் தயங்கினால் செங்கலடி வைத்தியசாலை வைத்தியரிடமோ உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ முதலில் கதையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தும் கதைக்கலாம்.

அறிதுயில் செய்வதாக யாராவது சொன்னால் கேளுங்கள்: நீங்கள் வைத்தியரா, பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரா? எங்கே படித்தீர்கள்? எனது சகோதரி கூட இருக்கலாமா? கதவு திறந்திருக்கலாமா? இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுபவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். தொட்டுச் செய்ய வேண்டும் என்றாலும் எழுந்து வாருங்கள். அறிதுயிலின்போதும் எழுந்து வரும் சுதந்திரம் உங்களிடம்தான் இருக்கிறது.

சகோதரி, சேர்த்து வைத்த காசு உங்களிடமே இருக்கட்டும். இந்தக் கிழமை முதலாவது படியில் நில்லுங்கள். மகளிடமும் இதை வாசித்துக் காட்டுங்கள். அம்மாவின் காவலுக்கு நின்ற பிள்ளைக்கும் இது ஏன் என்று தெரிய வேண்டும். எத்தனையாவது படிக்கு வந்தீர்கள் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.