குத்துச்சண்டைக் கையுறை: தோலா, றெக்சினா?

புறக்கோட்டையில் விளையாட்டுப் பொருட்கள் விற்கும் நண்பர் ஒருவர் அண்மையில் தனது களஞ்சிய அறையைத் திறந்து காட்டினார். மூன்று வருடங்களுக்கு முன் மலிவாகக் கிடைத்ததென்று 40 சோடி குத்துச்சண்டைக் கையுறைகளை எடுத்திருந்தார். பாதி விற்றது, மீதி பெட்டியிலேயே கிடந்தது. ஒன்றை எடுத்து அமர்த்திப் பார்த்தேன். மேற்பூச்சு செதில் செதிலாக உரிந்து விரலில் ஒட்டியது. ஒரு குத்துக்கூடக் குத்தாத கையுறை!

றெக்சின் என்று நாம் பொதுவாகச் சொல்லும் செயற்கைத் தோல், துணியின் மேல் பூசிய பிளாஸ்டிக்தான். அதில் பி.வி.சி. ஒரு வகை, பி.யு. எனும் பொலியுரேதேன் இன்னொரு வகை. பி.யு. தொடுவதற்குத் தோல் போலவே இருப்பதால் வாடிக்கையாளர் விரும்புவார். ஆனால் அதன் மலிவு ரகங்கள் காற்றிலுள்ள ஈரப்பதன் பட்டே நாளடைவில் சிதைந்துவிடும். கொழும்புக் காற்றைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? தோலிலும் பூஞ்சணம் பிடிக்கும்தான். துடைத்துக் காற்றாட வைத்தால் பெரும்பாலும் தப்பும். உரிந்த பூச்சை எவராலும் திரும்ப ஒட்ட முடியாது.

செயற்கைக் கையுறையே கூடாது என்று நான் சொல்லவில்லை. புதிதாகப் பழகும் பிள்ளைக்கும் உடற்பயிற்சிக்காகக் குத்துபவருக்கும் அது போதும், வியர்வையைத் துடைப்பதும் இலகு. ஒரு பருவத்தில் விற்று முடியும் அளவுக்கு மட்டும் எடுங்கள். பாடசாலைக்கும் கழகத்துக்கும் தோலையே காட்டுங்கள். ஒரே சோடியைப் பல பேர் தினமும் மாட்டும் இடத்தில், மூன்று மடங்கு விலை கொடுத்தாலும் தோல்தான் இலாபம்.

தோல் என்றால் பாதுகாப்பு அதிகம் என்று மட்டும் சொல்லி விற்காதீர்கள். கையைக் காப்பது உள்ளேயிருக்கும் பஞ்சணை. முட்டிப் பகுதியைப் பெருவிரலால் அழுத்துங்கள், மறுபக்கம் விரல் தட்டுப்பட்டால் அந்தச் சரக்கு வேண்டாம்.

தோல் கையுறைக்குப் பேர்போன இடம் பாகிஸ்தானின் சியால்கோட். இலங்கை - பாகிஸ்தான் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2005 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் சரக்குக்குத் தீர்வைச் சலுகை உண்டா என்று சுங்க முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கிருந்து எடுத்தாலும் மாதிரி ஒன்றை வரவழைத்து, வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நார் தெரிந்தால் தோல், நெய்த துணி தெரிந்தால் றெக்சின். எந்தப் பிராணியின் தோல் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பன்றித் தோலில் மயிர்த்துளைகள் மும்மூன்றாகச் சேர்ந்திருக்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் மேலே சாயம் தடிப்பாகப் பூசியிருந்தால் அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

நண்பரின் கதை இன்னும் முடியவில்லை. விற்ற கையுறைகளில் 8 சோடி ஒரு பாடசாலைக்குப் போனவை. பெட்டியில் ‘பி.யு. லெதர்’ என்றிருந்ததைப் பார்த்து, கடைப் பையன் பற்றுச்சீட்டில் ‘லெதர்’ என்று மட்டும் எழுதிவிட்டான். ஆறு மாதத்தில் பயிற்றுநர் எட்டுச் சோடியையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். காசைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆனால் அந்தப் பாடசாலை அதன்பின் ஒரு பந்துகூட அங்கே வாங்கவில்லை. பையனைக் குறை சொல்லிப் பயனில்லை, அவனுக்கு அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மீதி 20 சோடியையும் துடைத்துப் பாதி விலைக்குப் போடலாமா என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். முகம் சுளித்துக்கொண்டே பெட்டியை மூடினார்.