சிவப்புத் தோல் வியாபாரமும் சர்க்காரின் கடமையும்

மதுரை மாசி வீதிகளிலும், மேலூர், உசிலம்பட்டிப் பக்கங்களிலும் பெண்களைச் சிவப்பாக்குவதாகச் சொல்லும் களிம்புகள் தாராளமாக விற்கப்படுகின்றன. இவைகளில் பல வெறும் ஏமாற்று. சில சுத்த விஷம். ஏமாற்றினால் பணம் மாத்திரம் போகும். விஷத்தினால் சிறுநீரகமே போகும்.

அந்த விஷம் பாதரசம். தோலுக்குக் கருநிறம் கொடுக்கும் சத்து உண்டாகாதபடி அது தடுத்துவிடும். ஆகவே, சில வாரங்களில் முகம் வெளுத்தாற்போல் காணும். வாங்கினவளும் ‘பலித்தது’ என்று மகிழ்வாள். ஆனால், தோல் வழியாக உள்ளே போன பாதரசம் சிறுநீரகத்தில் தங்கி அதைக் கெடுக்கின்றது. மூத்திரத்தில் புரதச்சத்து ஒழுகும், கால் வீங்கும். கேரளத்தில் மலப்புரம் ஜில்லா கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இத்தகைய நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு ஒரே அபூர்வ வகை நோய் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசினவர்கள்! களிம்பை நிறுத்திய பின் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. இதைவிட வேறு என்ன ருசு வேண்டும்?

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கின்றது. 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டம் 1962-ல் திருத்தப்பட்டு, அழகுச் சாமான்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டன. 2020-ம் வருஷத்து விதிகளின்படி இக்களிம்புகளில் பாதரசம் சேர்ப்பது குற்றம். தெரியாமல் கலந்திருந்தாலும் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கேடு செய்யும் பொருள் கலந்த சரக்குக்கு மூன்று வருஷம் வரை சிறை. உலக நாடுகளும் 2023-ல் ஜெனிவாவில் கூடி, பாதரசம் சேர்த்த அழகுச் சாமான்களை 2025-க்குள் ஒழிப்பதென்று முடிவு செய்தன. இவ்வளவும் காகிதத்தில் இருக்கின்றது. களிம்போ கடையில் இருக்கின்றது.

‘வாங்குகிறவர்கள் பார்த்து வாங்கட்டுமே, இதில் சர்க்காருக்கென்ன வேலை?’ என்று சில வியாபாரிகள் கேட்கலாம். கத்தரிக்காயில் சொத்தை இருந்தால் கண்ணுக்குத் தெரியும். களிம்பில் கலந்த பாதரசம் கண்ணுக்குத் தெரியுமா, மூக்குக்குத் தெரியுமா? டப்பாவின்மேல் ‘இதில் விஷம் உண்டு’ என்று அச்சடித்து விற்கும் யோக்கியன் எவனாவது உண்டா? சோதனைச்சாலையிலன்றி வேறெங்கும் தெரியாத விஷத்தைத் தடுப்பது, சோதனைச்சாலை வைத்திருக்கும் சர்க்காரின் வேலையேயாகும். பாதரசத்தின் கேடு இப்பக்கத்தாருக்குப் புதிதுமல்ல. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவை வெளியே தள்ளியது அம்பலமாகி 2001-ல் மூடப்பட்டது. மலையில் கொட்டினால் குற்றமான சரக்கு, மூஞ்சியில் பூசினால் அழகாகிவிடுமா?

ஆதலால், மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா அதிகாரிகள் மருந்துக் கடைகளோடு நின்றுவிடாமல், சந்தைக் கடை, பியூட்டி பார்லர், ஆன்லைன் வியாபாரம் ஆகியவைகளிலும் மாதிரி எடுக்கவேண்டும். தேறாத சரக்குகளின் பெயர்களைத் தமிழில் பத்திரிகைகளில் வெளியிடவேண்டும். சில்லறைக் கடைக்காரனைப் பிடித்துவிட்டு, செய்தவனையும் இறக்குமதி செய்தவனையும் தப்பவிடக் கூடாது.

பொதுஜனங்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் விலாசமும், லைசென்சு அல்லது பதிவு நம்பரும் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். சந்தேகமிருந்தால், சட்டத்தின் 26-வது பிரிவின்படி, வாங்கின களிம்பை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திச் சர்க்கார் பரிசோதகரிடம் அனுப்பி ரிப்போர்ட் பெறலாம். இந்த உரிமையை ஊருக்கு நாலுபேர் உபயோகித்தாலே களிம்பு வியாபாரிகளுக்குப் பயம் உண்டாகும்.

நிற்க. இந்த விஷத்துக்குக் கிராக்கி உண்டாக்கினவர்கள் வியாபாரிகள் மாத்திரமல்ல. ‘பெண் சிவப்பா?’ என்று கேட்டுக்கொண்டு வரும் மாப்பிள்ளை வீட்டாரும், கருப்பை இழிவாக்கிய ஜாதிப் புத்தியுமே முதற்காரணம். மதுரையில் பச்சை நிறத்து மீனாட்சிக்கு வருஷம் தவறாமல் கலியாணம் நடத்திக் கைகூப்புகிறவர்கள், தங்கள் வீட்டுக்கு வரும் பெண் மாத்திரம் சிவப்பாயிருக்கவேண்டும் என்கிறார்களே, இதில் கடுகளவாவது அறிவிருக்கின்றதா? தோழர்களே! களிம்பைச் சட்டம் பிடிக்கட்டும். பெண் பார்க்கப் போகும் இடத்தில் அந்தக் கேள்வியை இனி நம்மில் யாரும் கேட்பதில்லை என்று நாம் உறுதி செய்துகொள்ளவேண்டும்.