மலையேறும் நாய்கள்

பாண்டவர் ஐவரும் பாஞ்சாலியும் முடிதுறந்து வடதிசை நோக்கி மலையேறிய கதையை நாம் அறிவோம். ஒருவர்பின் ஒருவராக அவர்கள் வழியில் வீழ்ந்துபட, இறுதிவரை தருமரோடு நடந்தது ஒரு நாய். துறக்கத்தின் வாயிலிலே நாய்க்கு இடமில்லை என்று தடுத்தான் இந்திரன். நம்பி உடன்வந்த உயிரைக் கைவிட்டுத் துறக்கம் புகுதல் தமக்கு வேண்டா என்று நின்றார் தருமர்.

இவ்வழக்கு இன்று நம் மலைநாட்டில் வேறு உருவிலே எழுந்துள்ளது. மலைநடை இளைஞரிடையே பெருவழக்காகிவிட்ட காலம் இது. வீட்டில் வளரும் நாயையும் உடனழைத்துச் செல்ல விரும்புவோர் உளர். ஹோட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காவின் வாயிலில் அவர்கள் தடுக்கப்படுகின்றனர். கயிற்றிலே கட்டி நடத்திச் செல்லும் நாயினால் காட்டுக்கு என்ன கேடு வந்துவிடும் என்பது அவர்தம் வினா. இதனைச் செல்லப்பிள்ளைகளின் சிணுங்கல் என்று தள்ளிவிடல் ஆகாது. மறுமொழி கூறவேண்டிய வினாவே இது.

ஹோட்டன் சமவெளிக்கு நாய் புதியதன்று. 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், வேட்டை நாய்களைக் கூட்டமாக ஏவி இம்மலைகளில் மரைகளைத் துரத்திக் கொன்றவர். அதனைப் பெருமையோடு நூலாகவும் எழுதிவைத்தார். அவர் பெயரால் வழங்கும் நீர்வீழ்ச்சியின் முன் நின்று நாம் இன்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம்! அச்சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் சிவனொளிபாதமலைக் காடும் நக்கிள்ஸ் காடும் அதனோடு சேர்த்து உலக மரபுரிமை இடமாக ஏற்கப்பட்டன. மரைகள் இன்றும் அங்கே மேய்கின்றன. வேட்டைக்கு வந்த நாய் எது, உலாவ வந்த நாய் எது என்று பிரித்தறியும் கல்வி மரைக்கு இல்லை.

கயிறு காக்கும் என்போருக்கு அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஆய்வொன்று தக்க விடை தரும். சிட்னி நகரின் புறத்தேயுள்ள காட்டுவழிகளில் நாய்களைக் கயிற்றிற் கட்டியே நடத்திச் சென்று, பறவைகளைக் கணக்கிட்டனர் ஆய்வாளர். 2007இல் முடிவு வெளியாயிற்று. நாய் சென்ற வழியிற் பறவையினங்களின் வகை 35 வீதமும், பறவைகளின் தொகை 41 வீதமும் குறைந்திருந்தன. நாயின்றி மனிதர் மட்டும் நடந்தபோது ஏற்பட்ட குறைவு இதிற் பாதியும் இல்லை. அதனினும் வியப்பு, நாய்கள் நாள்தோறும் உலாவும் இடங்களிலும் பறவைகள் அவற்றுக்குப் பழகிவிடவில்லை என்பதாகும். ஆகவே வாயிற்காவலர் செய்வது கொடுமையன்று. இந்த அளவில் நான் இந்திரன் பக்கமே.

ஆனால் இதனோடு வழக்கு முடிந்துவிடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பருவகாலத்தில், நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை ஏறினேன். நள்ளிரவு கழிந்த வேளை. கடைத்தெருவைத் தாண்டியதும் செந்நிற நாயொன்று பின்தொடர்ந்தது. யாரோ ஒரு யாத்திரிகர் ரொட்டித் துண்டு எறிந்தார். நானும் பிஸ்கற் கொடுத்தேன். படிகள் செங்குத்தாகும் இடத்திலும் அது எம்மை விடவில்லை. கதிரவன் எழுந்தபோது என் காலடியில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தது. தருமரின் நினைவு வந்தது என்று சொல்லவும் வேண்டுமோ? இறங்கிவந்து பஸ்ஸில் ஏறினோம். அது சாலையோரத்தில் நின்றது. அடுத்த கூட்டம் வரும்வரை நின்றிருக்கும்.

அம்மலைவழியே சென்றோர் பலருக்கும் இத்தகைய துணை கிடைத்திருக்கும். வாயிற்காவலரின் சட்டம் தலைவன் உள்ள நாயையே தடுக்கிறது. தலைவனில்லாத நாய்க்கு வாயிலும் இல்லை, கயிறும் இல்லை. யாத்திரைப் பாதையோ எல்லார்க்கும் திறந்தது, திறந்திருக்கவும் வேண்டும். டிசம்பர் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை நாம் எறியும் சோற்றை நம்பி வாழும் நாய்கள், மலையிற் சனநடமாட்டம் அற்றபின் எதை உண்டு உயிர்வாழும்? பாதையின் இருபுறமும் காடு இருக்கிறது.

இரை பிடித்தல் ஒருபுறமிருக்க, நோய் இன்னும் பெரிய அச்சம். எத்தியோப்பியாவின் பாலே மலைகளில் வாழும் ஓநாயினம் உலகில் ஐந்நூறுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது. மேய்ப்பரின் நாய்களிடமிருந்து பரவிய விசர்நோய் 1990களின் தொடக்கத்திலும், 2003இலும், 2008இலும் அவ்வோநாய்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. தான்சானியாவின் செரங்கெட்டியில் 1994இல் ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள் மாண்டன. அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு அது. காரணம், ஊர்நாய்களில் வழங்கும் டிஸ்டெம்பர் என்னும் நோயின் கிருமி. காட்டரசன் என்று நாம் பாடும் விலங்கை வீழ்த்தியது வேடன் அம்பன்று, தெருநாயின் சளி.

நம் மலைநாட்டிற் சிங்கமில்லை, சிறுத்தை உண்டு. தோட்டத்து மக்கள் அதனைப் புலி என்றே அழைப்பர். நாயைக் கவரச் சிறுத்தை குடியிருப்பருகே வருவதுண்டு. வந்த இடத்திற் காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு காத்திருக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியிற் சுருக்கில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் உயிர்விட்டது. நாடே இரங்கிற்று. அது நாயைத் தேடி வந்ததென்று நான் கூறவில்லை. ஆயினும் காட்டோரத்தில் நாய்களைப் பெருகவிடுதல் சிறுத்தையை அச்சுருக்குகளின் பக்கம் அழைப்பதாகும் என்பதில் ஐயமில்லை.

இதைச் சொன்னவுடன் தோட்டத் தொழிலாளியின் மீது பழியைப் போடுவோர் உளர். அவன் இரண்டு பாத்தி கரட்டும் லீக்சும் பயிரிட்டு, இரவிற் பன்றி வந்தால் குரைக்க ஒரு நாய் வளர்க்கிறான். அந்நாய் அவனுக்குக் காவற்காரன். பொழுதுபோக்குக்காக மலையேறும் நாம் அவனிடம் அதனைத் துறக்கச் சொல்வது எந்த அறம்? மலையடியில் நாய்களைப் பெருக்குவதில் அவன் வறுமைக்கு உள்ள பங்கினும் நம் தருமத்துக்கு உள்ள பங்கு பெரிது. புண்ணியம் தேடிச் சோறு எறிகிறோம். குட்டிகள் பிறக்கையில் நாம் அங்கில்லை.

விசர்நோய்க்கு அரசு இலவசமாகத் தடுப்பூசி இடுகிறது. அதன் பயனாக, முன்னர் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோரைக் கொன்ற அந்நோய் இன்று மிகவும் அடங்கியிருக்கிறது, பெருமைக்குரிய செயல். ஆனால் டிஸ்டெம்பர் மனிதனைக் கொல்வதில்லை. ஆதலால் அதற்கான ஊசி, காசு கொடுத்து இடுவிப்போரின் நாய்க்கே கிட்டுகிறது. கொழும்பில் மெத்தையிற் படுக்கும் நாய்க்கு இரண்டு காப்பும் உண்டு. காட்டோரத்தில் அலையும் நாய்க்கு, காப்பு எங்கே மிக வேண்டுமோ அங்கே, ஒன்றுதான், அதுவும் பிடிபட்டால்.

செய்யத்தக்கது அரிதன்று. நல்லதண்ணியிலும் மற்றை மலையடி ஊர்களிலும் உள்ள நாய்களை எண்ணி, கருத்தடை செய்து, இரு நோய்க்கும் ஊசியிடுதல் ஒரு மாவட்டத்தின் மிருக வைத்தியர்க்கும் சில தொண்டர்க்கும் இயலாத காரியமன்று. மலைநடைக் கழகங்கள் வைத்திருக்கும் மாணவர்கள் இதிற் கைகொடுக்கலாம். யாத்திரிகர் செய்யவேண்டியது இன்னும் எளிது: வழியில் உணவு எறியாதிருத்தல், பின்வரும் நாயைக் கடைத்தெருவிலேயே திருப்பிவிடுதல். என் பிஸ்கற்றையும் இதிற் சேர்த்தே சொல்கிறேன். பருவம் தொடங்குவது டிசம்பர் பௌர்ணமியில். ஊசி பலன்தரச் சில வாரங்கள் வேண்டும். ஐப்பசி மழை ஓய்வதற்குள் இப்பணி தொடங்கினாலன்றி, அடுத்த பருவமும் பழையபடியே கழியும்.