கடலில் விழுந்த கர்டர்கள்

நம் சங்கக் கட்டடம் அடித்தளத்தோடு நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு பொதுக்குழுவிலும் காரசாரமான பேச்சு. முடிவு மட்டும் இல்லை. ரயில்வேயில் 36 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலோடு போயின. சீரமைக்க முதலில் ஆறு மாதம் என்றார்கள். பிறகு மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்துக் காட்டினார். புதிய கர்டர்களுக்காகக் காத்திராமல், கடலில் கிடந்தவற்றைத் தூக்கி எடுத்து மறுபடி பொருத்தினார்கள்.

நம்மிடமும் விழுந்த கர்டர்கள் உண்டு. மனஸ்தாபத்தால் வராமல் போன பழைய உறுப்பினர்களைத்தான் சொல்கிறேன். நிர்வாகிகள் இன்னொரு கூட்டம் போடும் முன் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டட்டும். யார் மீது தவறு என்ற விசாரணையைத் தள்ளி வைத்துவிட்டு, நூலக அறையை மட்டும் முதலில் கட்டி முடிக்க ஒரு தேதி குறிக்கட்டும். ஓர் அறை எழுந்தால் நம்பிக்கை வரும்; நம்பிக்கை வந்தால் நன்கொடையும் வரும்.

நானும் விலகி நின்றவன்தான். கூப்பிடுங்கள், டேப்பை எடுத்துக்கொண்டு வருகிறேன்.