கியர்க்கோலும் ஏலச் சுத்தியலும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் விலையைப் பற்றி இலக்கிய வாசகர்களுக்கு என்ன வந்தது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். விலையைப் பற்றிய பேச்சாக மட்டும் இருந்திருந்தால் நாமும் விலகிப் போயிருப்போம். ஆனால் மோட்டார் இதழ்களிலும் ஏல நிறுவனங்களின் விற்பனைக் குறிப்புகளிலும் சில ஆண்டுகளாக ஓதப்பட்டுவரும் வாதம் சுவையைப் பற்றியது. சுவையைப் பற்றி எவர் பேசினாலும் அது நம் எல்லைக்குட்பட்டதே என்பது நம் கட்சி.

வாதம் இதுதான்: கையால் கியர் மாற்றும் மேனுவல் கார்கள் இன்று மறுவிற்பனையில் உயர்ந்த விலைக்குப் போகின்றன, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் அதே மாடல் வெகுவாகத் தாழ்ந்த விலைக்குக் கிடைக்கிறது, ஆகவே ஓட்டும் இன்பத்தை அறிந்த ரசிகர்கள் இறுதியில் வென்றுவிட்டார்கள். முதலிரண்டு கூற்றுகளையும் நாம் மறுக்கவில்லை. அந்த ‘ஆகவே’ மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

1989ஆம் ஆண்டு பிரேசில் கிராண்ட் பிரீயில் நைஜல் மான்செல் ஓட்டிய ஃபெராரி 640, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரு விசைகளை வைத்துக் கியர் மாற்றும் ஏற்பாட்டுடன் களமிறங்கி முதற்போட்டியிலேயே வென்றது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1997இல், எஃப்355 மாடலின் வழியாக அந்த ஏற்பாடு சாலைக்கு வந்தது. அன்று வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? கூடுதல் பணம் கொடுத்து அதையே கேட்டு வாங்கினார்கள். அடுத்துவந்த 360, எஃப்430 மாடல்களில் மேனுவல் கேட்டவர்கள் சிறுபான்மையினராகத் தேய்ந்தனர். 599 ஜிடிபி மாடலில் மேனுவலாகச் செய்யப்பட்டவை ஏறத்தாழ 30 மட்டுமே. பழமைவாதிகளின் பிடிவாதம் என்று அக்காலத்தில் அதைக் கேலி செய்யவும் ஆளிருந்தது. இன்று அந்தக் கேலி திசை மாறிவிட்டது. எஃப்430 மேனுவலுக்கு அதே ஆண்டு எஃப்1 கியர்பாக்ஸ் வண்டியைப் போல ஒன்றரை மடங்கு, சில வேளைகளில் இரு மடங்கு விலை கேட்கிறார்கள். அன்று வேண்டாமென்று ஒதுக்கிய அதே வர்க்கம்தான் இன்று அதைத் தேடி அலைகிறது என்பதை மறக்கலாகாது.

எதிர்த்தரப்புக்கு நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து ஒற்றைக் கிளட்ச் தானியங்கி ஏற்பாடு குறையற்றதன்று. உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே மேனுவல் கியர்பாக்ஸ்தான். மனிதனின் காலும் கையும் செய்ய வேண்டியதை எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பம்பும் வால்வுகளும் செய்கின்றன. பம்பு பழுதானால் கியர் விழாது. நகர நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளட்ச் விரைவில் தேய்கிறது. மெதுவாகப் போகையில் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் தலை ஒருமுறை முன்னே ஆடுகிறது. பின்னர் வந்த இரட்டைக் கிளட்ச் ஏற்பாடு இதனை எளிதாக விஞ்சிவிட்டது. பழுதுச் செலவுக்கு அஞ்சி ஒருவர் மேனுவலுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் அது விவேகம்; அதில் நமக்கு வழக்கில்லை. ஆயின் இரு மடங்கு விலையைப் பழுதுச் செலவு விளக்குமா? ஒரு பம்பும் ஒரு கிளட்சும் அவ்வளவு விலையா?

அப்படியானால் இன்பத்துக்கான விலை என்பார்கள். சரி, அதனையே சோதிப்போம். எஃப்1 கியர்பாக்ஸ் வண்டியை வாங்கி, பம்பைக் கழற்றி, கிளட்ச் மிதியும் கியர்க்கோலும் பொருத்தி மேனுவலாக்கித் தரும் பட்டறைகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ளன. கியர்பாக்ஸ் அடிப்படையில் ஒன்றே என்பதால் செவ்வையாகச் செய்த வண்டிக்கும் தொழிற்சாலையிலேயே மேனுவலாகப் பிறந்த வண்டிக்கும் ஓட்டுபவரின் கையில் சொல்லத்தக்க வேறுபாடு இராது. கையில் கிடைக்கும் இன்பத்துக்கே பணம் என்றால் இரண்டும் ஒரே விலைக்குப் போக வேண்டும். போவதில்லை. பிறப்புச் சான்றிதழ் உள்ளதே மேலே நிற்கிறது. பிறப்பைப் பார்த்து மதிப்பிடும் சந்தையைப் பற்றி நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

போர்ஷே கதை இன்னும் வெளிப்படையானது. 2013இல் வந்த 911 ஜிடி3 மாடலில் மேனுவலே கிடையாது என்று அந்நிறுவனம் கைவிரித்தது, ரசிகர்கள் கொதித்தார்கள். 2016இல் மேனுவல் மட்டுமே கொண்ட 911 ஆர், 991 வண்டிகள் என்ற எண்ணிக்கை வரம்புடன் வந்தது. கைமாறிய வேகத்தில் அதன் விலை பட்டியல் விலையைப் போலப் பல மடங்காயிற்று. மறு ஆண்டே, அதே நான்கு லிட்டர் திறன் அளவுள்ள ஜிடி3 மாடலில் மேனுவலை விரும்பியவர்க்கெல்லாம் தருவதாக போர்ஷே அறிவித்தது. உடனே 911 ஆர் விலை சரிந்தது. அந்த வண்டியில் ஒரு திருகாணியாவது மாறியதா? அதன் கியர்க்கோல் முந்தைய நாளைவிடக் குறைவாக இனித்ததா? பிறருக்கும் கிடைக்கும் என்றவுடன் கசந்துபோகும் இன்பத்துக்குத் தமிழில் வேறு பெயருண்டு.

ஜிடி3 மேனுவல் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட 3.9 வினாடியும் தானியங்கி 3.4 வினாடியும் எடுத்துக்கொள்வதாகப் போர்ஷேயே கூறியது. அரை வினாடியைத் தியாகம் செய்பவர் ரசிகர்தானே என்று கேட்பீர்களாயின், ஆம், ஓட்டினால். ஏலக் குறிப்புகளைப் படித்துப் பாருங்கள்: ‘ஓடிய தூரம் மிகக் குறைவு’ என்பதே முதற்பெருமை. கியர் மாற்றும் கைக்காக ஏங்கியவர்கள் கியர் மாற்றாமல் வைத்திருந்த வண்டிக்குத்தான் மிகுந்த பணம் தருகிறார்கள். தாள்களைப் பிரிக்காத முதற்பதிப்பைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்து வாசகர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் கனவான்களை நாம் அறிவோம்.

இவ்வளவும் போதாதெனில் பிஎம்டபிள்யூவின் 2003ஆம் ஆண்டு எம்3 சிஎஸ்எல் இருக்கிறது. எஸ்எம்ஜி எனும் தானியங்கி ஏற்பாட்டோடு மட்டுமே விற்கப்பட்ட மாடல் அது. மேனுவல் இல்லவே இல்லை. சாதாரண எம்3 வண்டியில் அதே எஸ்எம்ஜியைக் குறையென்று பழித்து விலையைக் குறைப்பவர்கள், சிஎஸ்எல் என்றால் சாதாரண எம்3 மேனுவலைப் போலப் பல மடங்கு கொடுக்கிறார்கள். எடை குறைவு, கார்பன் கூரை என்று காரணங்கள் உண்டுதான். மேனுவல் இல்லாமை மட்டும் அங்கே ஏன் குறையாகவில்லை? சுமார் 1,400 வண்டிகளே செய்யப்பட்டன என்பதை நினைவிற்கொண்டால் விடை தானே வரும்.

இதனால் யாருக்கு நட்டம் என்றால், உண்மையிலேயே கையால் மாற்றி ஓட்ட விரும்பிய நடுத்தரச் சம்பளக்காரருக்கு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கொஞ்சம் சேமித்து, பழைய மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எட்டிப்பிடித்திருக்கக்கூடிய ஜெர்மானியப் பள்ளி ஆசிரியரோ பிரிட்டிஷ் மெக்கானிக்கோ இன்று அந்த வரிசையிலேயே இல்லை. அவருக்கு நாம் சொல்வது: மலிந்து கிடக்கும் தானியங்கியை வாங்கி, பம்பைப் பழுதுபார்த்து, மனம் போல ஓட்டுங்கள், மேனுவலே வேண்டுமெனில் மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற எளிய வண்டியை நாடுங்கள்.

கிளட்ச் மிதிப்பதைக் கலையென்று போற்றும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம், மாலை ஆறு மணிக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஊர்ந்து செல்லும் மாநகரப் பேருந்து ஓட்டுநரின் இடது முழங்கால் நம் நினைவுக்கு வருகிறது. அந்தக் கலையை வேண்டிய மட்டும் பயின்றவர் அவர். ஃபெராரியின் எஃப்1 கியர் ஏற்பாட்டுக்குத் துணைநின்ற மாக்னெட்டி மரெல்லி நிறுவனந்தான், 2014இல் மாருதி செலெரியோவின் சிக்கனத் தானியங்கிக்கும் கருவி தந்தது. அதே ஒற்றைக் கிளட்ச், அதே தலையாட்டம். சேகரிப்பாளர்கள் இளக்காரமாகத் தள்ளிய அந்த ஏற்பாட்டை, கால் வலிக்காமல் வீடு திரும்ப வேண்டுமென்ற ஒரே காரணத்துக்காக இந்தியாவில் எத்தனையோ குடும்பங்கள் கூடுதல் பணம் கொடுத்து வாங்கின.