கரையோடு முடிவதில்லை புயல்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. "கரையைக் கடந்தது" என்று செய்தியில் சொன்னதும் நம் மதுரைப் பக்கம் பலர் டிவியை அணைத்துவிடுகிறோம். ஆனால் கடலின் சூட்டை இழந்தால் காற்றுதான் தணியும், மழை தணிந்துவிடாது. கஜாவும் வலுவிழந்து, உள்மாவட்டங்கள் வழியே கேரளம் போய் அரபிக் கடலில்தான் இறங்கியது.

இது புதிதல்ல. 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயலும் இப்படியே தமிழகத்தைக் குறுக்கே கடந்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சியில் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகக் காற்று. ஒரே வாரத்தில், 19ஆம் தேதி, ஆந்திராவின் திவிசீமாவில் இன்னொரு புயல் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. நம் புயல் பேச்சிலிருந்து மறைந்தது. சொல்லி நினைவுவைக்கப் பெயரும் இல்லை; நம் கடல்களில் புயலுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 2004இல்தான் வந்தது.

காற்றையும் மழையையும் வானிலைத் துறை குறித்து வைக்கிறது. எந்தக் கண்மாய் உடைந்தது, எது மறுகால் போனது, எந்தத் தெருவரை தண்ணீர் வந்தது என்பதெல்லாம் பெரும்பாலும் நம் வயதுக்காரர்களின் நினைவில்தான் இருக்கிறது. "அந்தப் பெரிய மழையிலே" என்றால் பேரனுக்கு எந்த வருஷம் என்று தெரியாது. கண்மாயை ஒட்டி மனை வாங்கப் போகிறவன் அவன்தான். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.